முழுகிப்போன கிட்டார்



கடந்த மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, எங்கள் சபையின் வாலிபர் ஒருவர் என்னைக் காண வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளை. மும்பைக்கு வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. ஒரு சரக்குக் கிடங்கில் இரவுப் பணி. சயான் கோலிவாடாவில் இன்னும் மூன்று பேரோடு ஓர் அறையில் வாசம். வந்தவர் தயங்கித் தயங்கிப் பேசினார்.

"ஐயா, கிட்டார் படிக்க வேண்டுமென்று எனக்கு நெடுநாளாக ஆசை. புதிது வாங்க வசதியில்லை. எங்கள் தெருமுனை அடகுக்கடையில் ஒன்று தொங்குகிறது. 2,500 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார்கள். உங்களுக்கு வாசிக்கத் தெரியுமே, ஒரு தடவை வந்து பார்த்துச் சொல்லுங்கள்."

நியாயமான ஆசைதான். வாரம் ஆறு இரவுகள் பெட்டி சுமக்கிற ஒரு பிள்ளை, ஓய்வு நேரத்தைக் கைபேசியில் கரைக்காமல் ஒரு கருவியைக் கற்க விரும்புவது எந்தத் தகப்பனுக்கும் மகிழ்ச்சி தரும் செய்தி. ஆயினும் நான் உடனே பதில் சொல்லவில்லை. "அடகுக்கடையில் ஒரு கிட்டார்" என்ற வார்த்தைகள் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நான் மறக்க முயன்ற ஒன்றைத் தோண்டி எடுத்துவிட்டன. அதை இந்தப் பக்கத்தில் இதுவரை எழுதியதில்லை. இந்த மாதம் எழுதுகிறேன்.

1993ஆம் ஆண்டு. நான் வேதாகமக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு மாணவன். கல்லூரி இருந்த ஊரின் கடைத்தெருவில் ஓர் அடகுக்கடை. நகையோடு கைக்கடிகாரம், வானொலிப் பெட்டி, தையல் இயந்திரம், பித்தளைப் பாத்திரம் என்று எதையும் வாங்கி வைத்துக்கொண்டு கடன் கொடுப்பார்கள். அங்கே சுவரில் ஒரு கிட்டார் மாட்டியிருந்தது. வீட்டிலிருந்து கிறிஸ்துமஸ் துணிக்காக வந்த பணத்தோடு நண்பனிடம் கொஞ்சம் கைமாற்று வாங்கி, 300 ரூபாய்க்கு அதை வாங்கினேன். யாருடையது என்று நான் கேட்கவில்லை. கடைக்காரரும் சொல்லவில்லை.

ஏறக்குறைய இரண்டு மாதம் கழித்து, அதற்கு ஓர் உறை கிடைக்குமா என்று கேட்க அதே கடைக்குப் போனேன். எனக்கு முன்னே ஒருவர் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் அடகுச் சீட்டு, மறு கையில் கைக்குட்டையில் முடிந்த பணம். கலியாண வீடுகளில் வாசிக்கும் ஒரு குழுவைச் சேர்ந்தவர் என்பது அவர் பேச்சிலிருந்து விளங்கிற்று. "தவணை முடிய இன்னும் பத்து நாள் இருக்கிறதே, அதற்குள் எப்படி விற்றீர்கள்?" என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தார். கடைக்காரர் முதலில் சமாதானம் சொன்னார், பிறகு அதட்டினார். அந்த மனிதர் குரலை உயர்த்தவில்லை. அந்தக் கிட்டாரின் அடையாளங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். பின்புறம் சிறு வெட்டு, மூன்றாவது முறுக்காணியின் தலை மாற்றப்பட்டது. என் அறையில் கட்டிலுக்கு மேலே தொங்கிய கிட்டாருக்கு அந்த அடையாளங்கள் எல்லாம் இருந்தன.

நான் வாயைத் திறக்கவில்லை. வந்த வழியே திரும்பிப் போனேன். "விலை கொடுத்துத்தானே வாங்கினேன், தவறு கடைக்காரருடையது" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஓர் ஆண்டு முழுவதும் கல்லூரி ஆராதனையில் அதையே வாசித்தேன்.

மூன்றாம் ஆண்டில் ஆமோஸ் தீர்க்கதரிசியின் புஸ்தகம் எங்களுக்குப் பாடம். இரண்டாம் அதிகாரம் எட்டாம் வசனத்திற்கு வந்தபோது ஆசிரியர் நிறுத்தி விளக்கினார். அடகாக வாங்கிய வஸ்திரங்களைப் பலிபீடங்களின் அருகே விரித்து, அவற்றின்மேல் படுத்துக்கொண்ட மனிதரைத் தீர்க்கதரிசி கண்டிக்கிறார். பிறனுக்குத் திரும்பிப் போகவேண்டிய பொருளின்மேல் சாய்ந்துகொண்டு தேவனை ஆராதிக்கிறவர்கள்! அன்று மாலை நான் கிட்டாரைத் தொடவில்லை. மறுநாளே அந்தக் கடைக்கு ஓடினேன். பேரேட்டைக் காட்ட மறுத்துவிட்டார்கள். கலியாண வீடுகளில் விசாரித்தேன். அந்த மனிதரைக் கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை. படிப்பை முடித்துப் புறப்படும்போது கிட்டாரை ஒரு கிராமத்துச் சபைக்குக் கொடுத்தேன். கொடுத்தேனே ஒழிய, அந்தக் கடன் தீர்ந்துவிட்டதாக இன்றுவரை எனக்குத் தோன்றவில்லை.

ஆகவே அந்தத் தம்பியிடம், "வருகிறேன். ஆனால் கிட்டாரை மட்டுமல்ல, அதின் சீட்டையும் பார்ப்போம்" என்றேன்.

அடகுப் பொருள் யாருடையது?

தவணை கடந்து மீட்கப்படாமல் போன பொருளை நம் ஜனங்கள் "முழுகிப்போனது" என்பார்கள். ஏதோ கடலில் விழுந்துவிட்டது போலவும், இனி அதற்கு உடையவனே இல்லாதது போலவும் அந்தச் சொல் ஒலிக்கிறது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 172ஆம் பிரிவு முதலாக, அடகைப் பற்றிப் பேசுகிறது. அடகு வைத்தவனே பொருளின் சொந்தக்காரன். கடன் கொடுத்தவனிடம் அது ஈடாக மாத்திரம் இருக்கிறது. கடன் குறித்த காலத்தில் திரும்பாவிட்டால், அவர் வழக்குத் தொடரலாம். அல்லது நியாயமான முன்னறிவிப்புக் கொடுத்துப் பொருளை விற்கலாம். விற்ற தொகை கடனுக்கும் வட்டிக்கும் மேற்பட்டால், மிச்சத்தை உடையவனுக்குக் கொடுக்கவேண்டும் என்கிறது 176ஆம் பிரிவு. அடுத்த பிரிவு இன்னும் இரக்கமுள்ளது. தவணை தவறிய பின்னும், பொருள் உண்மையாகவே விற்கப்படும் வரைக்கும், தாமதத்தால் உண்டான செலவையும் சேர்த்துச் செலுத்தி அதை மீட்டுக்கொள்ளும் உரிமை உடையவனுக்கு உண்டு.

இதற்கு மேலாக மாநிலச் சட்டங்களும் உள்ளன. தமிழ்நாட்டில் 1943ஆம் ஆண்டின் அடகு பிடிப்போர் சட்டம். கர்நாடகத்தில் 1961ஆம் ஆண்டின் சட்டம். மகாராஷ்டிராவில் வட்டித்தொழில் செய்வோருக்கு 2014ஆம் ஆண்டின் சட்டம். இவை எல்லாம் கடைக்காரர் உரிமம் பெற்றிருக்கவேண்டும் என்கின்றன. உரிமமுள்ள கடையில் வாங்குவதே வாங்குகிறவனுக்கும் காவல்.

திருட்டுப் பொருள் என்றால் காரியம் இன்னும் கடினம். திருடப்பட்டது என்று அறிந்தோ, அப்படி நம்பக் காரணமிருந்தோ, நேர்மையின்றி வாங்கி வைத்துக்கொள்வது குற்றம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவின்படி, அதற்கு மூன்று ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கப்படலாம். தனக்கில்லாத உரிமையை ஒருவன் பிறனுக்கு விற்க முடியாது என்பது 1930ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டத்தின் பொதுவிதி. விலக்குகள் சில உண்டென்றாலும், அவற்றை நம்பி வீதியில் இறங்குவது புத்தியல்ல.

மோசேயின் நியாயப்பிரமாணம் இதைவிட நுட்பமாய்ப் பேசுகிறது. உபாகமம் 24ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். கடன் கொடுத்தவன் அடகுப் பொருளை எடுக்கக் கடனாளியின் வீட்டுக்குள் நுழையக்கூடாது. வெளியே நிற்கவேண்டும், உடையவனே கொண்டுவந்து கொடுக்கவேண்டும். ஏழையின் போர்வையைச் சூரியன் அஸ்தமிக்குமுன் திரும்பக் கொடுத்துவிடவேண்டும். மாவரைக்கும் திரிகைக் கல்லை அடகாக வாங்கவே கூடாது. அது அவன் பிழைப்பு. கலியாண வீட்டில் வாசிக்கிறவனுக்குக் கிட்டார் திரிகைக் கல்லுக்குச் சமானம் என்பதை 1993இல் நான் அறியாமல் போனேன்.

கடையில் கண்டது

திங்கட்கிழமை காலையில் இருவரும் சென்றோம். மரியாதையான கடைக்காரர். உரிமப் பத்திரம் சட்டமிட்டுச் சுவரில் இருந்தது. கிட்டாரை இறக்கிக் கையில் கொடுத்தார். நான் அந்தத் தம்பிக்குச் சொல்லிக் காட்டியவற்றை உங்களுக்கும் எழுதுகிறேன். நம் சபைகளில் பலருக்கு இது பயன்படும்.

முதலாவது, கழுத்து. கிட்டாரைத் துப்பாக்கி பிடிப்பதுபோலக் கண்ணுக்கு நேரே வைத்து, உடலிலிருந்து தலைவரைக்கும் பார்க்கவேண்டும். முறுக்கிக்கொண்டிருந்தால் வேண்டாம் என்று வைத்துவிடுங்கள். பிறகு தடித்த தந்தியை முதலாம் கட்டிலும் 14ஆம் கட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். நடுவில் தந்திக்கும் கம்பிக்கும் இடையே மெல்லிய இடைவெளி மாத்திரம் தெரியவேண்டும். அதிகமாய்த் தெரிந்தால் கழுத்து வளைந்திருக்கிறது. இரும்புத் தந்திக் கிட்டார்களின் கழுத்துக்குள் ஒரு கம்பி இருக்கும். பழுதுபார்ப்பவர் அதை முடுக்கிச் சிறு வளைவைச் சரிசெய்வார். பெரிய வளைவுக்கு ஆகும் செலவு கிட்டாரின் விலையை விழுங்கிவிடும்.

இரண்டாவது, தந்தியின் உயரம். 12ஆம் கட்டில் தந்திக்கும் அதன் கீழுள்ள கம்பிக்கும் இடையே 2 முதல் 3 மில்லிமீட்டர் போதும். அதற்கு மிகவும் மேலே இருந்தால் விரல் புண்ணாகும். கற்கிறவர் ஒரு மாதத்தில் விட்டுவிடுவார்.

மூன்றாவது, பிரிட்ஜ். தந்திகள் கட்டப்படும் அந்த மரத்துண்டின் பின்விளிம்பில் ஒரு காகிதத்தை நுழைத்துப் பாருங்கள். உள்ளே போனால் பசை விட்டுக்கொண்டிருக்கிறது. மும்பையின் மழைக்கால ஈரத்தில் மரம் உப்புவதும் பசை தளர்வதும் வழக்கம். தலைக்கும் கழுத்துக்கும் நடுவே கீறல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். முறுக்காணிகளை ஒவ்வொன்றாகத் திருப்புங்கள்.

நான்காவது, தந்தியின் வகை. நைலான் தந்திக்காகச் செய்யப்பட்ட கிட்டாரில் இரும்புத் தந்தி பூட்டியிருந்தால் அதை வாங்காதீர்கள். இரும்புத் தந்தியின் இழுவிசை மிக அதிகம், பிரிட்ஜையே பெயர்த்துவிடும்.

கீபோர்டு வாங்குகிறவர்கள் மின்சாரம் கொடுத்து, 61 கட்டைகளையும் ஒன்று விடாமல் அழுத்திப் பார்க்கவேண்டும். சில கட்டைகள் பேசாவிட்டால், அடியிலுள்ள ரப்பர் பட்டையில் அழுக்கோ தேய்மானமோ இருக்கலாம். அதைச் சரிசெய்யலாம், ஆனால் அதற்கேற்ப விலை குறையவேண்டும். பாட்டரி அறையைத் திறந்து துரு இருக்கிறதா என்று பாருங்கள். அடாப்டரில் ஜாக்கிரதை. பழைய காசியோ பலவற்றுக்கு 9 வோல்ட், நடுமுனை எதிர்மின். யமஹா பலவற்றுக்கு 12 வோல்ட், நடுமுனை நேர்மின். ஒன்றை மற்றொன்றில் சொருகினால் கருவி கெட்டுப்போகக்கூடும். கருவியின் பின்னால் அச்சிட்டிருப்பதைப் பார்த்த பின்பே சொருகவேண்டும்.

கேமரா வாங்க விரும்புகிற பிள்ளைகள் லென்ஸைக் கழற்றி, ஒரு பக்கமிருந்து டார்ச் அடித்து மறுபக்கம் பாருங்கள். சிலந்தி வலைபோல் தெரிந்தால் அது பூஞ்சை. கடலோர நகரங்களில் சாதாரணம். வரிசை எண் சுரண்டப்பட்டிருந்தால், எந்த விலைக்கும் வேண்டாம். நேர்மையான சொந்தக்காரன் எவனும் தன் பொருளின் எண்ணைச் சுரண்டமாட்டான்.

விலை பேசும்போது ஒரு வார்த்தை. நீதிமொழிகள் 20:14இல் சாலொமோன் ஒரு வாடிக்கைக்காரனைப் படம்பிடிக்கிறான். கடையில் நிற்கும்போது பொருளைப் பழித்துப் பேசி, வாங்கிப் போன பிறகு பெருமை பாராட்டுகிறவன் அவன். இல்லாத குறையைச் சொல்லி விலையைக் குறைப்பது பொய்தான். இருக்கிற குறையைச் சொல்லுங்கள். புதிதின் விலையைக் கேட்டறிந்து, அதில் பாதிக்கு மேல் கொடுக்காதிருப்பது என் வழக்கம். பழைய பொருளுக்கு உத்தரவாதம் இல்லை, புதுத் தந்தியும் சிறு பழுதும் நம் செலவு.

சீட்டைக் கேட்டபோது

அந்தக் கிட்டார் நல்ல கிட்டார். கழுத்து நேராக இருந்தது, பிரிட்ஜ் அசையவில்லை. தம்பியின் முகம் மலர்ந்தது. கை பணப்பையை நோக்கிப் போயிற்று. அப்பொழுது நான் கடைக்காரரிடம் இந்தியில், "இதின் அடகுத் தேதி என்ன? உடையவருக்கு அறிவிப்புக் கொடுத்தாயிற்றா?" என்று கேட்டேன். அவர் சற்றுத் திகைத்தார். ஆனாலும் பேரேட்டைப் புரட்டினார். தவணை முடிய இன்னும் 19 நாட்கள் இருந்தன.

"இவர் வரமாட்டார். மூன்று மாதமாக வட்டியும் கட்டவில்லை. எடுத்துக்கொண்டு போங்கள், 2,200 கொடுங்கள் போதும்" என்றார் கடைக்காரர்.

தம்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் அறிவேன். இருபதுகளில் என் கண்களிலும் அதே பார்வைதான் இருந்திருக்கும். குறைந்த விலை, நல்ல பொருள், கேள்வி கேட்க யாருமில்லை. நான் தீர்ப்புச் சொல்லவில்லை. 1993இல் நடந்ததைக் கடை வாசலிலேயே நின்று அவருக்குச் சொன்னேன். வெகுநேரம் மௌனமாயிருந்தார். பிறகு, "19 நாள் பொறுத்துப் பார்ப்போம், ஐயா" என்றார். அவருடைய குரலில் சந்தோஷம் இல்லை என்பதையும் நான் சொல்லவேண்டும்.

கடைக்காரரிடம், உடையவருக்கு ஒரு தடவை தொலைபேசியில் சொல்லிவிடும்படி கேட்டுக்கொண்டோம். அவர் சிரித்துக்கொண்டே எண்ணை அழுத்தினார். மறுமுனையில் பேசியவர் சம்பளம் வந்ததும் வருவதாகச் சொன்னார்.

இடைப்பட்ட நாட்களில் சபையில் கிடந்த பழைய கிட்டாரைத் தம்பிக்குக் கொடுத்தேன். ஒரு நிபந்தனை விதித்தேன்: தினம் அரைமணி நேரம். இதையும் எல்லாப் பெற்றோருக்கும் சொல்லுகிறேன். கடைகளில் தொங்கும் கிட்டார்களிலும் கேமராக்களிலும் பல, ஆசையில் வாங்கப்பட்டு மூலையில் கிடந்தவைதான். பிள்ளை கேட்டவுடனே தவணை முறையில் வாங்கிக் கொடுக்கவேண்டாம். அதற்காக வீட்டு நகையை அடகு வைப்பது அதைவிட மோசம். ஒரு மாதம் இரவல் வாங்கிக் கொடுத்துப் பாருங்கள். விரல் நுனி காய்த்த பிறகும் விடாமல் வாசிக்கிற பிள்ளைக்கு வாங்கிக் கொடுங்கள்.

பன்னிரண்டாம் நாள் தம்பி வேலை முடிந்து வரும் வழியில் கடையைக் கடந்திருக்கிறார். உள்ளே ஒருவர் பணத்தை எண்ணிக்கொண்டிருந்தார். கிட்டாரை வாங்கியதும் அவர் வீட்டுக்குக்கூடப் போகவில்லையாம். கடைப் படியிலேயே உட்கார்ந்து, ஆறு தந்திகளுக்கும் சுருதி கூட்டி, மெதுவாய் ஏதோ வாசித்தாராம். "யாரென்று தெரியாது, ஐயா. நான் வாங்கியிருந்தால் அவர் அங்கே வந்து நின்றிருப்பார், இல்லையா?" என்று தம்பி என்னிடம் கேட்டார்.

நான் "ஆம்" என்றேன். அதற்குமேல் என்னால் பேச முடியவில்லை.

இரண்டு மாதம் கழித்து, ஊருக்குத் திரும்பிய ஒரு குடும்பத்தாரிடமிருந்து அவருக்கு வேறொரு கிட்டார் கிடைத்தது. விலை 3,000 ரூபாய்; பழைய பில்லும் இருந்தது. அடகுக்கடை விலையைவிட 800 ரூபாய் அதிகம். அந்த 800 ரூபாயைப் பற்றி அவர் குறைகூறி நான் கேட்கவில்லை.

பிரியமானவர்களே, அடகுக்கடையில் பழைய பொருள் வாங்குவது பாவமல்ல. சட்டப்படி அறிவிப்புக் கொடுக்கப்பட்டு, உடையவன் விட்டுவிட்ட பொருளை நியாயமான விலைக்கு வாங்கலாம். குப்பையில் போகாமல் ஒரு நல்ல கருவி மறுபடியும் ஒலிப்பது நன்மையே. ஆனால் வாங்குமுன் மூன்றைக் கேளுங்கள். கடைக்கு உரிமம் உண்டா? தவணையும் அறிவிப்பும் முடிந்தனவா? வரிசை எண்ணும் தேதியும் எழுதி, பில் தருவார்களா? பணத்தைக் கணக்கு மூலமாய்ச் செலுத்தி, பில்லைப் பத்திரப்படுத்துங்கள். இம்மூன்றுக்கும் முகம் சுளிக்கிற கடையானால், பொருள் எவ்வளவு நல்லதானாலும் வெளியே வந்துவிடுங்கள்.

மீட்பு என்ற வார்த்தையை நாம் ஞாயிறுதோறும் உச்சரிக்கிறோம். அது முதலில் கடைத்தெருவின் வார்த்தை. அடகுச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பணம் சேர்க்கிற மனிதனின் வார்த்தை. நம் அவசரத்தால் ஒருவனுடைய மீட்பின் வாசல் அடைபட்டுப் போகாதபடிக்கு, கர்த்தர் நமக்குப் பொறுமையைத் தந்தருளுவாராக. ஆமென்.